அகத்தில் ஒன்று, பந்தியில் இரண்டு

அயோத்திதாசப் பண்டிதர் 1870களில் நீலகிரியில் ஒரு சபை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் அத்வைதானந்த சபை. இருப்பது ஒன்றே, அதில் மேலும் இல்லை கீழும் இல்லை என்று சொல்லும் தத்துவம், ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கைகொடுக்கும் என்று அப்போது அவர் நம்பியிருக்க வேண்டும். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் எழுந்து, எங்கள் மக்களைச் சிவன் கோயிலுக்குள்ளும் விஷ்ணு கோயிலுக்குள்ளும் ஏன் விடுவதில்லை என்று கேட்டார். அந்தச் சாமிகள் உங்களுக்கு உரியவை அல்ல, உங்களுக்குத்தான் மாடசாமியும் காட்டேரியும் இருக்கிறார்களே என்று அவையிலிருந்து பதில் வந்தது. 1898இல் இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றார். அதே ஆண்டு சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் உருவானது.

இந்தப் பயணத்தை அரசியல் வரலாறாக நிறையவே எழுதியிருக்கிறார்கள். அது தத்துவத்தின் முன் வைக்கப்பட்ட ஒரு கேள்வியாகவும் எனக்குப் படுகிறது. இரண்டற்ற ஒன்றைப் பேசும் ஒரு மரபில் நின்றவர் ஏன் வெளியேறினார்? அவர் போய்ச் சேர்ந்த பௌத்தத்திலும் இருமையின்மை என்ற பார்வை உண்டே, அது அங்கே என்ன செய்தது? இருமையின்மை அன்றாட வாழ்க்கையைத் தொடுகிறதா என்பதை இந்த இடத்திலிருந்து பார்ப்பதே நேர்மை என்று நினைக்கிறேன்.

முதலில் இரண்டு மரபுகளையும் பிரித்துக்கொள்வோம். உபநிடதங்களை அடித்தளமாகக் கொண்ட சங்கரரின் அத்வைதத்தில், பிரம்மம் ஒன்றே மெய். நாம் காணும் பன்மை அதன்மேல் ஏற்றப்பட்ட தோற்றம். சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாவது அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு ‘அது நீயே’ என்று ஒன்பது முறை சொல்லிக்கொடுக்கும் பாடம் இந்த மரபின் உயிர்நாடி. பௌத்தத்தில் நாகார்ஜுனரின் வழி வேறு. 27 அத்தியாயங்கள் கொண்ட மூலமத்யமக காரிகையில், எந்தப் பொருளுக்கும் தனக்கென்று சொந்தமான சாரம் கிடையாது, எல்லாமே ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது என்கிறார். அந்தச் சார்பையே சூனியம் என்கிறார். அந்தச் சூனியத்தையும் ஒரு பொருளாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று எச்சரிக்கிறார். ஒரு மரபு அடியில் ஒன்று இருக்கிறது என்கிறது. மற்றது, அடியில் எதையும் தேடாதே என்கிறது.

இரண்டுக்கும் நடுவில் கௌடபாதர் நிற்கிறார். மாண்டூக்கிய உபநிடதத்தின் 12 மந்திரங்களுக்கு அவர் எழுதிய காரிகையின் நான்காம் பிரகரணம் முழுக்கப் பௌத்தச் சொற்கள். இருட்டில் கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிகிறது. வளையம் என்ற ஒன்று ஒருபோதும் அங்கே இருந்ததில்லை. உலகத்தின் தோற்றத்தையும் அப்படியே பார் என்கிறார். விதுசேகர பட்டாச்சாரியர் 1943இல் கல்கத்தாவில் வெளியிட்ட பதிப்பில் கௌடபாதரிடம் உள்ள பௌத்தத் தாக்கத்தை வரிவரியாகக் காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எம்.பி. மகாதேவன் 1952இல் தம் ஆய்வு நூலில், கௌடபாதர் சொல்வது வேதாந்தமே என்று மறுத்தார். பௌத்தத்திலிருந்து பெற்றார் என்பது பட்டாச்சாரியர் பக்க நியாயம். பெற்றதை உபநிடதத்துக்கே உரியதாக்கிக்கொண்டார் என்பது மகாதேவன் பக்க நியாயம். சங்கரரை ‘மறைந்திருக்கும் பௌத்தர்’ என்று எதிரணியினர் ஏசியதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்த வம்சாவளி வழக்கைவிட முக்கியமானது இரண்டு மரபும் பகிர்ந்துகொண்ட ஒரு கருவி. அது இரு மெய்மைக் கோட்பாடு. பரமார்த்தத்தில், அதாவது இறுதி மெய்யில், பேதம் இல்லை. வியவகாரத்தில், அதாவது அன்றாட நடப்பில், பேதம் உண்டு. நெருப்பும் நீரும் ஒன்றே என்று சொல்லிக்கொண்டு யாரும் அடுப்பில் கை வைக்க முடியாது. ஆகவே இந்தப் பிரிப்பு தேவையானது. ஆனால் வியவகாரம் என்ற அந்தப் பெட்டிக்குள் நெருப்பும் நீரும் மட்டும் வைக்கப்படவில்லை. தீட்டும், வருணமும், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற விதியும் அதற்குள் வைக்கப்பட்டன. இயற்கையின் வேறுபாட்டுக்கும் மனிதர்கள் ஏற்படுத்திய ஏற்றத்தாழ்வுக்கும் ஒரே பெயர் கிடைத்தது. சிக்கலின் மையம் இது.

சங்கரரின் பிரம்மசூத்திர உரையிலேயே இதைக் காணலாம். முதல் அத்தியாயத்தின் மூன்றாம் பாதத்தில், சூத்திரர்க்கு வேதம் கற்கும் உரிமை இல்லை என்று நிறுவுகிறார். வேதம் கேட்ட காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொல்லும் தர்மசூத்திர விதியையும் ஆதாரமாக எடுத்துக்காட்டுகிறார். விதுரரும் தருமவியாதனும் ஞானம் பெற்றார்களே என்றால், அது முற்பிறவிப் பயன் என்கிறார். இதிகாச புராணங்களின் வழியாக நான்கு வருணத்தாரும் அறிவு பெறலாம் என்று ஒரு கதவைத் திறந்தும் வைக்கிறார். அதே சங்கரர் பெயரில்தான் மனீஷா பஞ்சகமும் வழங்குகிறது: காசித் தெருவில் எதிர்ப்பட்ட சண்டாளர், விலகச் சொல்வது உடலையா ஆன்மாவையா என்று கேட்க, சங்கரர் அவரைக் குருவாக ஏற்ற கதையோடு சேர்த்துச் சொல்லப்படுவது. மரபு இரண்டையும் பாதுகாத்தது. ஒன்றைச் சட்டமாகவும் மற்றதைக் கதையாகவும் வைத்துக்கொண்டது.

சங்கரருடையது என்று சொல்லப்படும் தத்துவோபதேசத்தில் ஒரு சுலோகம் உண்டு. அத்வைதத்தை எப்போதும் உள்ளத்தில் பாவனை செய், செயலில் ஒருபோதும் காட்டாதே என்பது அதன் கருத்து. ரமணர் இதைத் தமிழில் வெண்பாவாக்கி உள்ளது நாற்பது அனுபந்தத்தில் 39ஆம் பாட்டாகச் சேர்த்தார். இதன் அக்கறை புரிந்துகொள்ளத் தக்கது: தனக்கு ஞானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு குருவையும் பெரியவர்களையும் மதிக்காமல், கட்டுப்பாட்டைக் கைவிட்டுத் திரிபவனைத் தடுக்கிற பாட்டு இது. ஆனால் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் அந்தப் பாட்டின் மறுபக்கமும் தெரிந்தது. பிராமணர்கள் ஒரு புறம், மற்றவர்கள் மறு புறம், நடுவில் மறைப்பு. இரு சாராருக்கும் தாம் தெரியும்படியான இடத்தில் ரமணர் உட்கார்ந்தார். எல்லோருக்கும் பரிமாறாத எதையும் தம் இலையில் ஏற்கமாட்டார். விடியற்காலையில் சமையலறையில் உட்கார்ந்து தாமே காய் நறுக்குவார். ஆசாரம் பார்க்கிறவர்களை வற்புறுத்தவும் இல்லை, ஆசாரத்தைத் தாம் மதித்ததாகக் காட்டவும் இல்லை. அவருடைய தனி வாழ்வில் பேதத்துக்கு இடமே இருக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மறைப்பு அங்கேயே நின்றது. ஒரு ஞானியின் பார்வை ஒரு கூடத்தின் ஏற்பாட்டைத் தானாக மாற்றிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அப்படியானால் செயலில் அத்வைதம் என்பது நவீன காலத்தின் கண்டுபிடிப்பா? ஜெர்மானிய அறிஞர் பால் ஹேக்கர் 1961இல் அப்படித்தான் வாதிட்டார். ‘நீயே அது’ என்பதால் அடுத்தவனுக்குச் செய்வது உனக்கே செய்வது என்ற அறம், தத்துவஞானி சோப்பன்ஹவரிடமிருந்து வேதாந்த ஆய்வாளர் டாய்சனுக்கு வந்து, டாய்சன் 1893இல் பம்பாயில் ஆற்றிய உரையில் வெளிப்பட்டு, 1896 செப்டம்பரில் கீல் நகரில் விவேகானந்தர் டாய்சனைச் சந்தித்தபோது அவரிடம் வந்து சேர்ந்தது என்றார். அதே ஆண்டு நவம்பரில்தான் லண்டனில் விவேகானந்தர் ‘நடைமுறை வேதாந்தம்’ என்ற நான்கு சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். காலக்கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. சோப்பன்ஹவருக்கு உபநிடதம் கிடைத்த வழியையும் சேர்த்தால் வட்டம் இன்னும் பெரிது: முகலாய இளவரசர் தாரா ஷுகோ 1657இல் செய்வித்த பாரசீக மொழிபெயர்ப்பு, அதிலிருந்து 1801இல் வெளிவரத் தொடங்கிய லத்தீன் நூல், அதைப் படித்த சோப்பன்ஹவர், பிறகு டாய்சன், பிறகு மறுபடி இந்தியா.

ஆனாலும் ஹேக்கர் முடிவை நான் ஏற்கவில்லை. எல்லா உயிரையும் தன்னில் காண்பவனுக்கு எவர்மேலும் அருவருப்பு எழாது என்று ஈசாவாசிய உபநிடதம் சொல்லிவிட்டது. பிறர் இன்ப துன்பத்தைத் தன்னைக் கொண்டே அளந்து பார்ப்பவனே சிறந்த யோகி என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் சொல்கிறது. எல்லாவற்றையும்விட வலுவான சான்று பாகவதத்தில் இருக்கிறது. ஏனோ அதை யாரும் அதிகம் எடுத்துப் பேசுவதில்லை. ஏழாம் ஸ்கந்தத்தின் கடைசி அத்தியாயத்தில் நாரதர் யுதிஷ்டிரனுக்கு மூன்று வகை அத்வைதம் சொல்கிறார். துணியும் நூலும் போலக் காரணமும் காரியமும் ஒன்றே என்று காண்பது பாவாத்வைதம். எல்லாச் செயலையும் பிரம்மத்துக்கு ஒப்படைப்பது கிரியாத்வைதம். தனக்கும், மனைவி மக்களுக்கும், மற்ற எல்லா உயிர்களுக்கும் உரிய பொருளும் விருப்பமும் ஒன்றே என்று காண்பது திரவியாத்வைதம். செயலில் அத்வைதம் கூடாது என்று ஒரு சுலோகம் சொன்ன அதே மரபில், செயலிலும் உடைமையிலும் அத்வைதம் வேண்டும் என்று இன்னொரு நூல் சொல்லியிருக்கிறது. முதலாவதைப் பாடம் செய்தோம். இரண்டாவதை மறந்தோம். எது நினைவில் நிற்கிறது என்பதை அந்தக் காலத்துச் சமூகம் தீர்மானித்திருக்கிறது.

அம்பேத்கர் கேட்டது இதைத்தான். அவர் காலமான பிறகு 1987இல் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட ‘இந்து மதத்தில் புதிர்கள்’ நூலின் 22ஆம் புதிரில், ஒவ்வொரு மனிதனும் பிரம்மமே என்ற கொள்கையைவிட ஜனநாயகத்துக்கு உறுதியான அடித்தளம் வேறில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அவ்வளவு உறுதியான அடித்தளத்தின்மேல் சமத்துவம் ஏன் எழுப்பப்படவில்லை என்று உடனே கேட்கிறார். அத்வைதத்தைத் தாழ்த்திப் பேசும் நோக்கம் அதில் இல்லை. அத்வைதத்தை அதன் சொந்த வாக்குக்குப் பொறுப்பாக்குகிற கேள்வி அது. இன்றுவரை அதற்கு நிறைவான பதில் வந்ததாக நான் நினைக்கவில்லை.

பௌத்தத்தின் பக்கம் திரும்பினால், விமலகீர்த்தி நிர்தேச சூத்திரம் நம் கேள்விக்கு மிக நெருக்கமான நூல். குமாரஜீவர் 406இல் சீன மொழிக்குக் கொண்டுபோன இந்த நூலின் சமஸ்கிருத மூலம் தொலைந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1999இல் லாசாவின் பொதலா மாளிகையில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் சுவடியைக் கண்டெடுத்தார்கள். இதன் நாயகர் துறவி இல்லை. வைசாலி நகரத்து இல்லறத்தார், செல்வந்தர். போதிசத்துவர்கள் ஒவ்வொருவராக இருமையின்மைக்கு விளக்கம் சொல்லி முடித்ததும், விமலகீர்த்தி வாய் திறக்காமல் இருக்கிறார். இந்த மௌனம்தான் உலகப் புகழ் பெற்றது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுபவை வேறு இரண்டு காட்சிகள்.

ஒன்று, சுபூதி பிச்சைக்கு வரும் காட்சி. விமலகீர்த்தி அவர் பாத்திரத்தை வாங்கி நல்ல உணவால் நிரப்புகிறார். ஆனால் உடனே கொடுக்கவில்லை. உணவில் சமம் காண்பவர் எல்லாவற்றிலும் சமம் காண்பார், அப்படிக் காண்பீரானால் வாங்கிக்கொள்ளும் என்கிறார். சூனியத்தைப் புரிந்துகொள்வதில் முதல்வர் என்று பெயர் பெற்ற சுபூதி திகைத்துப்போய்ப் பாத்திரத்தை விட்டுவிட்டுக் கிளம்பப் பார்க்கிறார். இரண்டாவது, தேவதை பூத்தூவும் காட்சி. போதிசத்துவர்கள்மேல் விழுந்த பூக்கள் உதிர்ந்துவிடுகின்றன. சீடர்கள் மேனியில் ஒட்டிக்கொள்கின்றன. துறவிக்குப் பூ ஆகாது என்று சாரிபுத்திரர் அவற்றைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார், போகவில்லை. பூவுக்கு ஆகும் ஆகாது என்பது கிடையாது, அந்தப் பேதம் உம் மனத்தில் இருப்பதால்தான் ஒட்டுகிறது என்கிறாள் தேவதை. பிறகு சாரிபுத்திரரைப் பெண்ணுருவாக மாற்றியும் காட்டுகிறாள். இது ஆகும், இது ஆகாது, இவர் தொடலாம், இவர் தொடக் கூடாது என்ற கணக்கு எங்கே குடியிருக்கிறது என்பதை இந்த நூல் ஒரு பெண்ணின் வாயால் சொல்லவைக்கிறது.

எட்டாம் நூற்றாண்டில் நாலந்தாவில் வாழ்ந்த சாந்திதேவர் இதை வாதமாகவே வடித்தார். போதிசரியாவதாரத்தின் எட்டாம் அத்தியாயத்தில், அவரவர் துன்பத்தை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்பவனிடம் கேட்கிறார்: காலில் வலி என்றால் கை ஏன் உதவிக்கு வருகிறது? காலின் வலி கைக்கு இல்லையே. ஒரே உடம்பு அல்லவா என்று அவன் சொன்னால், உடம்பு என்பதும் வரிசை, படை என்பவை போல நாம் பெயரிட்ட தொகுப்புதானே என்கிறார். வரிசையில் நிற்பவர்களைத் தவிர வரிசை என்று தனியே ஒன்று இல்லை. துன்பத்துக்குத் தனி உடைமையாளர் இல்லை. ஆகவே துன்பம் துன்பம் என்பதாலேயே நீக்கப்பட வேண்டியது. இதன்மேல் இன்றும் அறிஞர்கள் சண்டையிடுகிறார்கள். பால் வில்லியம்ஸ் 1998இல், துன்பப்படுபவரையே இல்லாமல் ஆக்கிவிட்டால் கருணை யாரிடம் காட்டுவது என்று கேட்டு இந்த வாதத்தைத் தாக்கினார். தர்க்கமாக அது வலுவான ஆட்சேபம். ஆனால் சாந்திதேவர் அதைத் தர்க்கமாக மட்டும் விட்டுவிடவில்லை. தன்னையும் பிறரையும் சமமாக நினைப்பது, தன் இடத்தில் பிறரை வைத்துப் பார்ப்பது என்று தினசரிப் பயிற்சியாக அதை வகுத்தார்.

ஆனாலும் பௌத்தம் தப்பிவிடவில்லை. ஜப்பானில், இருக்கும் எல்லாமே புத்த இயல்பு என்று போதித்த டோகன் வழிவந்த சோட்டோ ஜென் கோயில்கள், தோல் பதனிடுதல் போன்ற தொழில்களால் ஒதுக்கப்பட்ட புராகுமின் மக்கள் இறந்தால் அவர்களுக்கு இடும் மரணப் பெயரில் ‘விலங்கு’, ‘இழிந்தோர்’ என்ற பொருள்தரும் எழுத்துகளைச் சேர்த்தன. கல்லறைக் கல்லிலும் கோயில் பதிவேட்டிலும் சாதி செதுக்கப்பட்டது. 1979இல் பிரின்ஸ்டனில் நடந்த உலகச் சமய மாநாட்டில் அந்தப் பிரிவின் நிர்வாகத் தலைவர், ஜப்பானில் அத்தகைய பாகுபாடே இல்லை என்று பேசினார். எதிர்ப்பு வெடித்த பிறகுதான் பதிவேடுகளும் கற்களும் ஆராயப்பட்டு மாற்றப்பட்டன. போர்க்காலத்தில் ராணுவத்துக்குத் துணைபோனதற்காக 1992இல் அதே பிரிவு வருத்த அறிக்கையும் வெளியிட்டது. அந்தப் போர்க்காலத்தில் கொல்பவனும் இல்லை கொல்லப்படுபவனும் இல்லை என்ற சூனியப் பேச்சு வாளுக்கு உறையாகப் பயன்பட்டிருந்தது. சூனியத்தைத் தவறாகப் பிடிப்பது பாம்பைத் தவறாகப் பிடிப்பதற்குச் சமம் என்று நாகார்ஜுனர் எச்சரித்தது வீணாகப் போனது.

ஆகவே இந்து அத்வைதம் தோற்றது, பௌத்தம் வென்றது என்று தீர்ப்பு எழுத என்னால் முடியவில்லை. எந்த மரபானாலும், பார்வையிலிருந்து நடத்தைக்கு வரும் பாதையை யாராவது வெட்ட வேண்டியிருக்கிறது. வெட்டியவர்கள் நமக்கு மிக அருகிலேயே இருந்தார்கள். சாமித்தோப்பில் வைகுண்டர் (1809-1851) எல்லோருக்குமாகப் பொதுக்கிணறு வெட்டினார். அய்யாவழிப் பதிகளில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி நிற்கிறது. நாராயண குரு மருத்துவாழ் மலையில் தவம் இருந்தவர், தமிழிலும் பாடியவர். 1888இல் அருவிப்புறத்தில் சிவனைப் பிரதிட்டை செய்தார். 1913இல் ஆலுவாயில் அத்வைத ஆசிரமம் அமைத்தார். 1927இல் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிட்டை செய்தார். அவருடைய ஆத்மோபதேச சதகத்தில், ஒருவன் தன் சுகத்துக்காகச் செய்வது அடுத்தவனுக்கும் சுகம் தர வேண்டும் என்ற முடிவு, எல்லோரும் ஒரே ஆன்மா என்பதிலிருந்து நேராகப் பெறப்படுகிறது. அவர் சீடர் சகோதரன் அய்யப்பன் 1917இல் செறாயி ஊரில் ஈழவர்களையும் புலையர்களையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து உண்ணவைத்தார். சொந்தச் சாதியாரே அவரை ஒதுக்கினார்கள். ‘புலையன் அய்யப்பன்’ என்று ஏசினார்கள். குரு அவர் பக்கம் நின்றார். சமபந்தி உணவாலும் கலப்பு மணத்தாலும் ஒரு கேடும் இல்லை என்று எழுதியே கொடுத்தார். பாகவதம் சொன்ன திரவியாத்வைதம் என்பது கண்ணுக்குத் தெரியும்படி நடந்தது அந்தப் பந்தியில் என்பேன்.

சாதியைத் தாண்டி, வீட்டுக்குள்ளும் இந்தப் பிரச்சினை உண்டு. சாவு வீட்டில் மகனைப் பறிகொடுத்தவளிடம் ஆத்மாவுக்கு அழிவில்லை, எல்லாம் மாயை என்று ஆறுதல் சொல்கிறார்கள். பரமார்த்தத்தை எடுத்து வியவகாரத்தின் காயத்தில் தேய்ப்பது அது. வியவகாரத்தைப் பற்றிக்கொள்ளாமல் பரமார்த்தத்தைப் போதிக்கவே முடியாது என்று நாகார்ஜுனரே சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் அப்போது வேண்டியது பக்கத்தில் உட்கார்வதும், கஞ்சி வைத்துக் கொடுப்பதும்தான். அதுபோல ‘நான்’ என்பதை விடு என்ற உபதேசம் யாரிடம் சொல்லப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். படுத்த படுக்கையாகிவிட்ட மாமனாருக்குப் புரட்டிப் போட்டு உடம்பு துடைத்து, துணி மாற்றி, நடு இரவில் எழுந்து மருந்து கொடுக்கும் மருமகளிடம் போய், அகங்காரத்தைக் கரை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சாந்திதேவர் வாதம் இங்கே அவள் பக்கம்தான் நிற்கிறது. துன்பத்துக்கு உடைமையாளர் இல்லை என்றால், அவள் இடுப்புவலியும் அந்த வீட்டில் எல்லோரும் நீக்க வேண்டிய வலி. பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்க்கும் மகன் எழுந்து வந்து ஒரு கை பிடிப்பதற்கான தத்துவ நியாயம் அது. தியாகத்தை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவதற்கு இரண்டு மரபிலும் ஆதாரம் இல்லை.

உபநிடத வகுப்புகளும் விபாசனை முகாம்களும் இன்று நம் நகரங்களில் நிறைந்து வழிகின்றன. மனம் அமைதியடைகிறது என்கிறார்கள். அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வகுப்புக்குப் போய்வரும் வீடுகளில் பலவற்றில், பாத்திரம் துலக்கவும் கூட்டிப் பெருக்கவும் வருகிற பெண்ணுக்கென்று சன்னலோரம் தனி டம்ளர் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. வாசகர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் அப்படி ஒரு டம்ளர் இருந்தால், அடுத்த வகுப்புக்குப் போவதற்கு முன் அதை எடுத்து மற்ற டம்ளர்களோடு சேர்த்து வையுங்கள்.